குழாய்க்குள் அடைபட்ட மூச்சு

தையல்காரி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்த பால் இருபது நிமிடத்தில் புழு வைத்துவிடும். வெளியே மேசைமேல் வைத்த பால் மறுநாள் காலை வரைக்கும் நன்றாக இருக்கும். மூன்று வருடமாக இப்படித்தான். தயிரில் மயிர் முளைக்கும், முட்டைக்கு வியர்க்கும், தக்காளியைத் தொட்டால் விரல் மறுபக்கம் வந்துவிடும். நாற்றம் அழுகல் நாற்றம்கூட இல்லை. சொத்தைப் பல்லைத் துலக்காமல் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விடுகிற ஒரு வாயின் நாற்றம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிடுங்கள் கண்ணுகளா, இன்னும் இருக்கிறது.

அது யார் வாய் என்று தையல்காரிக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் கேஸ் கசிந்து, மெக்கானிக் வந்து ஃப்ரிட்ஜின் பின்பக்கக் குழாயை அறுத்துத் திறந்து வைத்திருந்தபோது, அவளுடைய அண்ணன் குனிந்து வேடிக்கை பார்த்தபடி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "அம்மாவா? ரெண்டு மாசம் தாண்டாது. அதுக்குப் போய் நான் எதுக்கு இழுத்துப் போட்டுக்கணும்? தங்கச்சி பாத்துக்குவா, அவளுக்கு வேற என்ன வேலை?" வாயிலிருந்து வந்தது அப்படியே குழாய்க்குள் போயிற்று. உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்பு வைத்து மிச்சமில்லாமல் உறிஞ்சி எடுத்த பிறகுதான் புது கேஸ் ஏற்ற வேண்டும். அந்த மெக்கானிக்குக்குத் தெருவில் 'அவசரம்' என்று பெயர். அவர் பம்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கொஞ்சம் கேஸை விட்டு ஊதித் தள்ளி, மீதியை ஏற்றி, நுனியை நசுக்கிப் பற்றவைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணனின் மூச்சு உள்ளேயே தங்கி, கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தது.

அம்மாவின் இன்சுலின் அன்றிலிருந்து கீழ் வீட்டு டீச்சரின் ஃப்ரிட்ஜில்தான். வேறு மெக்கானிக்கைக் கூப்பிடத் தையல்காரிக்குத் துணிவில்லை. குழாயைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும், அறைக்குள் படுத்திருக்கிற அம்மா காதில் விழும். தூக்கிப் போடவும் முடியாது. 'என் மகன் வாங்கித் தந்தது' என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படியே மூன்று வருடம் ஓடிற்று. பிறகு டீச்சருக்கு மாற்றல் வந்தது. சனிக்கிழமை சாமான் ஏற்ற வண்டி வருகிறது என்றார்கள். புதன்கிழமை தையல்காரி அவசரத்தை வரவழைத்தாள்.

"அன்னைக்கு வேக்கம் போட்டீங்களா அண்ணே?"

"போடாமலா?"

"பம்பு பையிலேயே இருந்துச்சே."

அவசரம் பிடரியைச் சொறிந்துகொண்டார். "புக்குல ஆயிரம் இருக்கும்மா. கைப்பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

அம்மாவின் அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணித் துண்டுகளை அடைத்துவிட்டுப் பம்பைப் போடச் சொன்னாள். அரை மணி நேர வேலை. அழுத்தம் காட்டும் கேஜில் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி முப்பதைத் தொட வேண்டும், அது அசையவில்லை. பம்பின் வாயிலிருந்து மஞ்சளாகக் கோழை துப்பி, சுவரில் பட்டு, நூல் நூலாக வழிந்தது. ஒவ்வொரு துப்பலிலும் அண்ணனின் குரல் 'ரெண்டு மாசம் தாண்டாது' என்றது. அவசரம் இரண்டு முறை தொட்டியில் வாந்தி எடுத்தார். மூன்றாம் முறை தொட்டிவரை போக முடியவில்லை. போதும், கேஸை ஏற்றிவிடுகிறேன் என்று கெஞ்சினார். தையல்காரி கேஸ் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு, "முள்ளு இறங்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். குரல் அமுங்க வேண்டுமே என்று துணிகூட வைக்காமல் மிதித்தாள். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் மிஷினின் பெல்ட் அறுந்தது. அந்த அமைதியில் அண்ணன் முழுசாகப் பேசி முடித்தான். கதவு திறந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நின்றாள்.

"இதுக்கா மூணு நாளா மிதிச்சே? அன்னைக்கே கேட்டேன். கதவு தொறந்துதானே இருந்துச்சு."

தையல்காரி அறுந்த பெல்ட்டைக் குனிந்து எடுத்தாள்.

"ரெண்டு மாசம்னான், மூணு வருஷம் ஆச்சு. அவனுக்குக் கணக்கு எப்பவுமே வராது." அம்மா சுவரைப் பார்த்து முகம் சுளித்தாள். "த்தூ. பல்ல வெளக்குடா வெளக்குடான்னு சின்னதுலேர்ந்து அடிச்சுக்கிட்டேன்."

முள் ஒரே இறக்கமாக இறங்கி முப்பதில் நின்றது. பம்பை அணைத்து ஒரு மணி நேரம் பார்த்தார்கள், ஏறவில்லை. அவசரம் தன் பிழைப்பிலேயே முதல்முறையாகத் தராசு வைத்து, கிராம் பிசகாமல் கேஸை ஏற்றி, குழாயை மூடினார். இன்சுலின் சனிக்கிழமை காலையில் மேலே வந்தது. பால் நான்கு நாள் வைத்தும் கெடவில்லை.

சுவரில் கோழை பட்ட இடம் மட்டும் காயவில்லை. மூன்று முறை சுரண்டி வெள்ளையடித்தும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் போன் செய்து 'அம்மா எப்படி இருக்காங்க' என்று கேட்கும்போதெல்லாம் அங்கிருந்து மஞ்சளாக ஒழுகும். அரை வாளி வரும். பேச்சு நீண்டால் முக்கால். இப்போதெல்லாம் பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போதே அம்மா கட்டிலிலிருந்து குரல் கொடுத்துவிடுவாள்: "வாளிய வைடி, அவன் கூப்பிடற நேரமாச்சு."