வட்டிலப்பப் பெட்டிக்கு முன்வரைவு

இன்று வகுப்பில் நடந்ததை வரிசைப்படி எழுதி வைக்கிறேன். எழுதினால் என் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தெரியும் என்ற நினைப்பு.

கண்டியில் மாலை வகுப்பாக நடக்கும் வடிவமைப்பு டிப்ளோமாவின் கடைசி வேலையாக நான், கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பத்தை வைத்து விற்க ஒரு பெட்டி செய்தேன். என் வழக்கம், வண்ணக் கடுதாசியை வெட்டிச் சாப்பாட்டு மேசையில் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது. சரியாக அமைந்ததும் கணினியில் ஏற்றுவேன். உம்மா சோறு வைக்க வருவதற்குள் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிடுவேன். அப்படி வந்ததுதான் ஒரு கரண்டி எடுத்த இடம் மட்டும் குறைந்த பழுப்பு வட்டம்.

ராஜலிங்கம் சேர் போன வாரம் அதைத் திருப்பித் தந்தார். பலர் ஏஐயிடம் படம் வாங்கி ஒப்படைக்கிறார்கள் என்பதால், கையால் போட்ட முன்வரைவு இல்லாத எதிலும் இந்த வருடம் அவர் கையெழுத்து வைப்பதில்லை. கடுதாசி, மேசை என்று நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். நம்பவில்லை. கையெழுத்து இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் பேராதனையில் ஓர் அச்சகம் எனக்கென்று வைத்திருக்கும் வேலையும் இல்லை.

பக்கத்துக் கதிரையில் இருப்பவன் துஷாந்த், நாவலப்பிட்டியிலிருந்து வருகிறான். அவனுடைய படம் முழுக்க ஏஐ போட்டது. அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாள் வைத்துப் பென்சிலால் நகலெடுத்து, இடையிடையே அழித்தும் வைத்திருந்தான். சேர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்தார்.

"கள்ளன் நான் கையெழுத்து வாங்கிட்டேன். நீ ஒழுங்கா செஞ்சிட்டு முழிக்கிற" என்று சிரித்தான்.

நானும் பென்சிலை எடுத்தேன். ஆனால் வட்டத்துக்கு வருமுன் எப்படியெல்லாம் பிழையாகப் போட்டிருப்பேன் என்று எனக்கே தோன்றவில்லை. துஷாந்த் என் பெட்டியைப் படம் பிடித்து, இதற்கு முன் போட்டுக் கைவிட்ட மாதிரி மூன்று முன்வரைவு தா என்று ஏஐயிடம் கேட்டான். வந்ததைப் பார்த்து வரைந்தேன். பெருவிரலால் தேய்த்துக் கொஞ்சம் அழுக்கும் ஆக்கினேன்.

இன்று சேர் மூன்றையும் பரப்பிப் பார்த்தார். இரண்டாவதில் நின்றுவிட்டார். மூடியிலிருந்து கித்துள் மரத்தின் பூக்குலை நான்கு பக்கமும் தொங்கி இறங்கும் படம் அது.

"ஆஸிகா, இதை ஏன் விட்டீங்க?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தன்மேல் நம்பிக்கை இல்லாத பிள்ளைகள் நல்லதைத்தான் முதலில் கைவிடுவார்கள் என்று வகுப்புக்கே சொன்னார். போன வாரம் நம்பாததற்கு என்னிடம் மன்னிப்பும் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

"வட்டத்தை விடுங்க. இதை முடிச்சுக் கொண்டாங்க, அன்னைக்கே கையெழுத்து வைக்கிறேன்."

துஷாந்த் தலையைக் குனிந்துகொண்டான். சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சேர்" என்று வந்தது.

கம்பளை பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, நாளை போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் துஷாந்தும் மாட்டுவான் என்று ஒரு காரணம் கிடைத்தது. அது உண்மையான காரணம் இல்லை. இப்போது வட்டத்தையும் பூக்குலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எத்தனை தரம் பார்த்தாலும் கண் பூக்குலைக்குத்தான் போகிறது.

வட்டத்தைக் கணினியிலிருந்து அழித்துவிட்டேன். இனிப் பூக்குலைக்கு நிறம் கொடுக்க வேண்டும்.