உப்பு வட்டத்துக்குள் மேலாளர்

வெர்னா பதினெட்டு வருடமாக அந்த ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு பார்க்கிறாள். பதினொரு வருடமாகச் சூனியக்காரி. ஓக்லண்டில் சூனியக்காரியாக இருப்பது பெரிய காரியமில்லை, தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். தொழிற்சங்கத்துக்குத் தெரியாமல் இருப்பதுதான் பாடு. சங்கத் தலைவர் ஒசூனாவுக்கு ராசிபலன் படிக்கிறவனும் கருங்காலியும் ஒன்றுதான்.

வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாம் நாள். வாசலில் எட்டுப் பேர்தான் மிச்சம். காலை ஆறு மணிக்கு மாவு லாரி வரும். ஓட்டுநரும் சங்கத்துக்காரர், மறியலைத் தாண்டமாட்டார், தெருவிலேயே நிறுத்திவிடுவார். ஆனால் மேலாளர் ஹோல்கம்ப் தினமும் வெளியே வந்து சாவியை வாங்கித் தானே உள்ளே ஓட்டிப் போய்விடுவார். இன்றைக்கும் மாவு உள்ளே போய்விட்டால், நாளைக்கு இந்த எட்டுப் பேரும் இருக்கமாட்டார்கள்.

ஆள் வேண்டும். வெர்னா நேற்றே வெட்கத்தை விழுங்கிக்கொண்டு தன் சூனியக்காரக் குழுவைக் கூப்பிட்டிருந்தாள். ஏழு பேர் வந்தார்கள். முன்னால் கறுப்பு அங்கியில் பிரையர். பெற்றோர் வைத்த கிரெட்சன் என்ற பெயரை அவள் எதிரில் யாரும் உச்சரிக்கக் கூடாது. ஹோல்கம்பைச் சபிப்பதா, வெறுமனே மந்திரத்தால் கட்டிப்போடுவதா என்று முந்தின நாள் மூன்று மணி நேரம் பேசியிருந்தார்கள். அவர்களிடம் எல்லாமே ஏகமனதாக நடக்க வேண்டும். கூட்டுறவுக் கடை உப்புதான் வாங்குவது என்பது மட்டும் ஏகமனதாக முடிவானது.

"வெர்னா, யாரு இதுங்க? நாடகக் கம்பெனியா?" என்றார் ஒசூனா.

"தெரிஞ்சவங்க," என்றாள் வெர்னா, தன் செருப்பைப் பார்த்தபடி.

வாசலை மறிக்காதீர்கள் என்று விரட்ட, காபிக் கோப்பையோடு ஹோல்கம்ப் வந்தார். அவர் பேசப் பேச, பிரையர் கண்ணை மூடியபடி உப்பைத் தூவிச் சுற்றிவந்து வட்டத்தை முடித்தாள். கண்ணைத் திறந்தால் ஏழு பேரோடு மேலாளரும் உள்ளே. மூடிய வட்டத்தில் கத்தியால் காற்றைக் கீறி வாசல் வைத்தால்தான் ஒருவர் வெளியேறலாம். அதற்கு உள்ளே இருக்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். உள்ளே வந்துவிட்டவர் யாரானாலும் அவருக்கும் ஒரு குரல் உண்டு.

அந்த நேரம் பார்த்து லாரி வந்து தெருவில் நின்றது.

வட்டத்தில் வாசல் திறப்பதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பிரையர் முறைப்படி கேட்டாள்.

"எனக்கு இந்தக் கூத்து மொத்தத்துலயும் ஆட்சேபணை," என்றார் ஹோல்கம்ப்.

தொலைந்தது. ஆட்சேபணை வந்துவிட்டால் அது தீரும்வரை வாசல் கிடையாது. ஏழு பேரும் நிஜமான கரிசனத்தோடு அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் மனம் எங்கே புண்பட்டது என்று ஒருத்தி விசாரித்தாள். இன்னொருத்தி குறிப்பேட்டைத் திறந்தாள்.

உப்புக் கோடு விரல் அகலம்தான். அவர் காலைத் தூக்கினார்.

"தாராளமா போங்க சார், யாரும் தடுக்கல," என்றாள் பிரையர். "சபிக்கிறதா கட்டுறதான்னு இன்னும் முடிவாகல. உங்க பேரு ரெண்டு பட்டியல்லயும் இருக்கு."

தூக்கிய கால் அங்கேயே இறங்கியது. பிறகு தலைமை அலுவலகம் தன்னைப் படுத்தும் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். அவரிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. பிரையர் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

ஒப்பந்தப்படி லாரி ஒரு மணி நேரம்தான் காத்திருக்கும். அது முடிந்ததும் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மாவோடு லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

எட்டுப் பேரும் வாயைப் பிளந்து நின்றார்கள். ஒசூனா மெல்ல வந்தார்.

"இவங்கள உனக்கு எப்படித் தெரியும்?"

வெர்னா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ரொட்டிக்கு அடியில் பதினொரு வருடமாக ஒளித்துவைத்த கறுப்புப் பிடிக் கத்தியை எடுத்தாள்.

"நானும் அவங்கள்ல ஒருத்திதான்."

ஒசூனா கத்தியைப் பார்த்தார், போகும் லாரியைப் பார்த்தார்.

"நாளைக்கும் வருவாங்களா?"

"எல்லாரும் ஒத்துக்கணும் தலைவரே. இப்பவே பேச ஆரம்பிச்சாத்தான் விடியுறதுக்குள்ள முடியும்."

ஹோல்கம்ப் ஒருவழியாக ஆட்சேபணையை வாபஸ் வாங்கினார். வெர்னா தலை நிமிர்ந்து, சங்கம் முழுக்கப் பார்க்க, காற்றைக் கீறி அவருக்கு வாசல் வைத்தாள். ஒசூனா தொப்பியைக் கழற்றினார். யாரோ கவனிப்பது தெரிந்ததும், தலை அரித்ததுபோலச் சொறிந்துகொண்டார்.