ஒரே ஒரு நகல்

கட்டிங் மெஷின் அலறியது. மேசை நீளத்துக்கு விரித்திருந்த துணி பாதி வெட்டில் நின்றுபோனது.

கட்டிங் மாஸ்டர் திரையைத் தட்டிப் பார்த்தார். கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, சாவி வேண்டுமானால் பணம் அனுப்பு என்று சிவப்பு எழுத்தில் மிரட்டல். சட்டை அளவுகளை வரையும் டிசைனர் பதறிப்போய்த் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அங்கேயும் அதே சிவப்பு. நாலு வருடம் வரைந்ததில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மிச்சமிருந்தது அவள் கைப்பையில் கிடந்த ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். எல்லாவற்றுக்கும் அதில்தான் நகல்.

கம்ப்யூட்டர்காரர் வந்ததும் நெட்வொர்க் வயர்களை எல்லாம் பிடுங்கச் சொன்னார். பணம் கட்டினாலும் சாவி வருமென்று உத்தரவாதமில்லையாம். டிசைனரிடமிருந்து மெஷினுக்கு அளவுகளைச் சுமக்கும் பென் டிரைவில்தான் வைரஸ் இருந்தது. நுழைந்த இடத்தில் சில மணி நேரம் சத்தமில்லாமல் பதுங்கியிருந்துவிட்டுத்தான் பூட்டும். அப்படியொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகினால் நகலும் போய்விடும் என்றார்.

பென் டிரைவ் எங்கெல்லாம் போனது? அந்தக் கம்பெனியில் ஆன்டிவைரஸுக்கு ‘மாமியார்’ என்று பெயர். எதைக் கொண்டுவந்தாலும் பத்து நிமிடம் துருவித் துருவிப் பார்க்கும். அதனால் அதை நிறுத்திவிட்டு வேலை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கேட்டால் மட்டும் எல்லோரும் உத்தமர்கள். மாமியாரிடம் காட்டாமல் எதையும் செருகியதில்லை, மெஷினைத் தவிர வேறெங்கும் போட்டதுமில்லை என்று மாஸ்டர் சாதித்தார்.

முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாலைக்குள் சரக்கு லாரி ஏற வேண்டும். தன் அறைக் கம்ப்யூட்டர் பென் டிரைவின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, அதில் போடலாம் என்று எல்லோரையும் அங்கே இழுத்துப் போனார். சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரம் கேட்ட கம்ப்யூட்டர்காரரின் பேச்சு எடுபடவில்லை.

“பயமா இருக்கு சார். இதுவும் போச்சுன்னா என்கிட்ட எதுவுமே இல்ல.”

“போனா நான் பொறுப்பு. கொடும்மா.”

டிஸ்க்கை வாங்கிக்கொண்டு அவரே குனிந்தார். மாஸ்டர் கதவு வரை போனார். நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“செருகாதீங்க முதலாளி. காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி, திரை பெருசா இருக்கேன்னு, அதே பென் டிரைவைப் போட்டு இதுலதான் என் பேத்தி படத்தைப் பார்த்தேன்.”