கஞ்சி போட்ட ஸ்பீக்கர்

நகரியில் தறி ஓட்டும் எத்திராஜுக்குப் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. நர்ஸ் வேலைக்குப் போன மகள் அலர்மேல்மங்கை, கூட வேலை பார்த்த கிறிஸ்தவக் கம்பவுண்டர் அசரியாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "இனிமே அவ குரலே என் காதுல வுழக்கூடாது" என்று தெருவே கேட்கக் கத்தினார். அது நடந்து இரண்டு வருஷம். போன ஏப்ரலில், அதாவது 1960இல், எல்லை பிரித்தார்கள். மகள் இருக்கும் திருத்தணி மெட்ராஸோடு போயிற்று, நகரி ஆந்திராவிலேயே நின்றது. "அவ வேற ராஜ்ஜியம்" என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வசதியாகப் போயிற்று. ரயிலில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ராஜ்ஜியம்!

புதன்கிழமை கடிதம் வந்தது. மகளின் கடிதத்தை மனைவி லட்சுமம்மா அவருக்குப் படித்துக் காட்டுவதில்லை. அடுப்பைப் பார்த்து உரக்கப் படிப்பாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குச் சென்னை வானொலியில், பெண்கள் நிகழ்ச்சியில், குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி அலர்மேல்மங்கை பேசுகிறாளாம். போன வாரமே பேச்சைப் பதிவு செய்துவிட்டார்களாம். எத்திராஜ் காதில் விழாதது மாதிரி நெய்துகொண்டே இருந்தார். இரண்டு இழை அறுந்தது.

வீட்டு ரேடியோ ஆறு மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. யார் பேசினாலும் தொண்டையில் மீன்முள் சிக்கிய மாதிரி இருக்கும். வியாழக்கிழமை விடிந்ததும் அதைத் துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் போனார். மெக்கானிக் நாகபூஷணம் பின்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை விரலால் மெல்ல அழுத்தினார். ஓரமெல்லாம் நைந்து கிழிந்திருந்தது.

"கோன் போயிந்தி அண்ணா. வேற ஸ்பீக்கர் மெட்ராஸ்லேந்து வரணும், பத்து நாளு ஆவும். இல்லன்னா இதையே ஒட்டித் தரேன், திங்கக்கெழம வாங்க. அவசரமா?"

"எம் பொண்ணு பேசறா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மனுஷன் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு இதை எடுத்திருப்பார். நம் எத்திராஜ் சொல்வாரா?

"அவசரம் இன்னா அவசரம்? சும்மா காட்டிக்கினு போலாம்னு வந்தேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒட்டுவதற்குத் தனிப் பசை எதற்கு? பாவு நூலுக்கு விறைப்பு ஏற்றும் அரிசிக்கஞ்சி வீட்டில் சட்டி நிறைய இருக்கிறது. மெல்லிய துணியைக் கஞ்சியில் நனைத்துக் கிழிசலில் ஒட்டினார். கெட்டியாக நிற்கட்டும் என்று கூம்பு முழுக்க ஒரு கை பூசினார். காய்ந்ததும் சாயங்காலம் போட்டுப் பார்த்தால், தானிய விலை சொல்பவர்கூடக் கணீரென்று சொன்னார். எத்திராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படுக்கப் போகுமுன், கஞ்சி போட்ட பாவு நூலைக் கரப்பான் தின்றுவிடும் என்று, என்றும்போல் அதைத் துணியில் இறுக்கிச் சுற்றி உத்தரத்தில் கட்டினார். ரேடியோ சுவரோரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குத் திருகினால், பெட்டி கிர்ரென்றது. பின்பலகையைக் கழற்றினார். கூம்பில் பாதியைக் காணோம். மீதியின் மேல் கொழுத்த கரப்பான் ஒன்று உட்கார்ந்து மீசையை ஆட்டியது.

லட்சுமம்மா எட்டிப் பார்த்தாள். "பாவு நூல மட்டும் பத்திரமா கட்டினீங்க. இதுவும் அதே கஞ்சிதானே?"

தெருவில் வேறு ரேடியோ கிடையாது. பஞ்சாயத்து ரேடியோவைச் சாயங்காலம்தான் திறப்பார்கள். மணி ஒன்றடித்ததும் எத்திராஜ் பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே ஏதோ சரசரத்தது. அதில் எது மகள், எது காகிதம் என்று தெரியவில்லை. யார் யாரோ அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பெற்றவன் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கேட்காமல் இருந்ததைத் தன் வீரம் என்று நினைத்திருந்தவர் அவர். கேட்க முடியாமல் போன அந்த அரைமணியில், எவ்வளவு ஏங்கிக் கிடந்திருக்கிறோம் என்று புரிந்தது.

எழுந்து சட்டையை மாட்டினார். ஸ்பீக்கரைக் கழற்றிப் பையில் போட்டார்.

"கோனு வாங்கினு வரேன்."

"திருப்பதிக்கா?"

"அங்க கெடைக்காதாம்."

அந்நேரத்து ரயில் திருப்பதிக்கு நேர் எதிர்த்திசையில் போவது லட்சுமம்மாவுக்குத் தெரியும். கொஞ்சம் முறுக்கைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்தாள்.

திருத்தணியில் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. கையால் தொடாத கடிதங்களின் பின்பக்க விலாசம் அவருக்கு மனப்பாடம். கதவைத் திறந்த அலர்மேல்மங்கை அப்படியே நின்றுவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நைனா! ரேடியோல கேட்டியா? எப்பிடிப் பேசினேன்?"

நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கேக்கல" என்றார் எத்திராஜ். "அதான் வந்தேன்."