ராத்து குடித்த சிரட்டை

செமேசாவின் மகன் எட்டாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்தவன். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு, அந்தத் தென்கடல் தீவின் ஜூலைக் குளிரில், ஊரே இருமிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்தான்.

"நெஞ்சு இன்னும் தேறல. இந்த ஃப்ளூ ஒட்டுச்சுன்னா தாங்கமாட்டான்," என்று நர்ஸ் பட்டென்று சொல்லிவிட்டாள். மனைவி மெரேசேனி தடுப்பூசி போட்டுக்கொண்டாள். செமேசா போடவில்லை. அன்று கிழங்குத் தோட்டத்தில் வேலை இருந்ததாம். ஊசியென்றால் அவனுக்கு உதறல் என்பது ஊருக்கே தெரியும்.

சனிக்கிழமை பிற்பகல் ஊர்க் கூடத்தில் கிறக்கம் தரும் யங்கோனா வேரைப் பொடித்துக் குடிக்கக் கரைத்தார்கள். ராத்து என்ற பட்டம் கொண்ட ஊர்த் தலைவர் தொமாசி இரண்டு முறை இருமினார், குடிக்குமுன் வழக்கப்படி ஒரு முறை கைதட்டினார், சிரட்டையை ஒரே மூச்சில் காலிசெய்தார்.

"அடுத்தது செமேசாவுக்கு. அப்பனாயிட்டான்ல," என்றார்.

அதே சிரட்டை நிரம்பி வந்தது. தலைவர் கொடுத்த மரியாதையை வேண்டாம் என்பதா? அதற்கு ஊரை விட்டே போகலாம். செமேசா சிரட்டையைக் கையில் வாங்கினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டினான், குடித்தான்.

வீட்டு வாசலில் மெரேசேனி வழிமறித்து நின்றாள்.

"குடிச்சியா?"

இல்லை என்ற சொல் நுனி நாக்குவரை வந்துவிட்டது. உள்ளே பிள்ளை முனகியது.

"குடிச்சேன். ராத்து குடிச்ச சிரட்டையில."

"ஊர்ல யாருக்கும் கிடைக்காத மரியாதை. போய் சமையல் கொட்டகையில படு. நாலு நாளைக்கு இந்தப் படி ஏறாத."

அவனுக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். கை எரியும்வரை சோப்புப் போட்டான். ஒரு தும்மல் வந்தால் போதும், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். பிள்ளை அழுதாலும் பதறினான், அழாவிட்டாலும் பதறினான். மெரேசேனி படியில் வைத்துப் போன மரவள்ளிக்கிழங்கு ஆறிப்போய் அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள் காலை உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அப்பாடா, வெளியில் இருந்தோமே என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. பிள்ளைக்குப் பரிசாகப் புதுப் பாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இருமியபடியே ராத்து வந்துகொண்டிருந்தார். பிறந்த பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் வாரியெடுத்து, கன்னத்தில் மூக்கை வைத்து முகர்ந்து கொஞ்சாமல் போவதில்லை. இந்த ஊர் வழக்கம் அது.

செமேசா தள்ளாடி எழுந்து ஓடிப்போய்ப் படிக்குக் குறுக்கே உட்கார்ந்தான். தலைவரைவிட உயரமாக நிற்கக் கூடாது என்பது மட்டும் அந்தக் காய்ச்சலிலும் மறக்கவில்லை.

"தள்ளுடா. பிள்ளையப் பாக்கணும்."

"வேணாம் ராத்து."

"யார்கிட்ட வேணாங்கிற?"

செமேசாவுக்குப் பல் கிட்டியது. அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான்.

"சனிக்கிழமை உங்க சிரட்டையில குடிச்சதுக்கு எனக்குக் கிடைச்சது இது. நான் தாங்கிக்குவேன். அவன் மாட்டான். அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருக்கணும், தைரியம் வரல."

ராத்து கையை எடுக்கவில்லை. பிறகு இருமல் வந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பி, சட்டையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். கொண்டுவந்த பாயைப் புல்லில் விரித்து, வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"மெரேசேனி, அந்தக் கண்ணாடி ஜன்னலைத் திறக்காம அவனைத் தூக்கிக் காட்டும்மா," என்றார். "இவனும் மூணு நாளாப் பாக்கல."