என்ன சாப்பிட்டனீ?

பகல் முழுக்கத் தங்கமான பிள்ளை. காலையில் சிரிப்பு மாதிரி ஒன்றைக் காட்டுவான், மத்தியானம் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான், பார்க்க வருகிறவர்கள் என்ன அமைதியான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பின்னேரம் ஆறு மணியானால்தான் அவனுடைய சுயரூபம் வெளிவரும். முழங்காலை வயிற்றோடு மடக்கி, கையை இறுக்கிப் பொத்தி, முகம் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவக்க, மல்வேர்னில் அந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேட்கக் கத்துவான். எட்டு, எட்டரைக்குத் தானாகவே ஓய்வான். ஏன் தொடங்கினான், ஏன் நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது.

அவனுக்குத் தெரியாவிட்டால் என்ன, மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தாய் எதையோ சாப்பிட்டிருக்கிறாள்.

தனுஷிகாவுக்கு இது முதல் பிள்ளை. தன் சாப்பாட்டில் இத்தனை பேருக்கு அக்கறை இருக்கும் என்று அவள் அதுவரை அறிந்திருக்கவில்லை. ஊரில், கொக்குவிலில் இருந்து அம்மா வீடியோவில் வந்து, பருப்பு வாய்வு, அதை நிறுத்து என்றாள். புருசனின் அக்கா ரதி, ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போயிருப்பவள், கிழங்கையும் முட்டைக்கோவாவையும் நிறுத்தினாள். நண்டு, இறால், கத்தரிக்காய் மூன்றும் கிரந்தி, உடம்பில் கரப்பனைக் கிளப்பும், பிள்ளை பெற்றவள் அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது என்றாள். புருசன் மிதுனனோடு வேலை செய்கிற நீக்கிலாஸ் அண்ணையின் மனைவி, மாட்டுப்பாலும் முட்டையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். உள்ளிப்பூண்டு சாப்பிட்டால் பால் ஊறும் என்று ஒருத்தி சொன்னாள். உள்ளி மணம் பாலில் இறங்கும், தொடாதே என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டு பேரையும் பகைக்க விரும்பாமல் தனுஷிகா ஒரு நாள் விட்டு ஒரு நாள் உள்ளி சாப்பிட்டாள். பிள்ளை எல்லா நாளும் அழுதான்.

இந்தப் புத்திமதிகளில் பாதியை வீட்டுக்குச் சுமந்து வந்தவன் மிதுனன்தான். கெட்டவன் இல்லை. மார்க்கம் பக்கம் ஒரு வெயர்ஹவுஸில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்து, கை கழுவி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹோலுக்கும் குசினிக்குமாக நடப்பான். நடந்து நடந்து கால் ஓய்ந்த பிறகு, கோபமே இல்லாமல், அந்தக் கேள்வியைக் கேட்பான்.

"நீர் இண்டைக்கு என்ன சாப்பிட்டனீர்?"

நம்முடைய வீடுகளில் சாப்பிட்டாயா என்று கேட்டால் அது அன்பு. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் அது வழக்கு. தனுஷிகா ஒவ்வொரு பின்னேரமும் கூண்டில் ஏறி நின்று, சோறு, ரசம், அவித்த கரட் என்று வாக்குமூலம் கொடுத்தாள். கரட்டிலும் மிதுனனுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

டொக்ரரிடம் போகாமலும் இல்லை. அவர் ஒரு வெள்ளைக்கார மனிசி. பிள்ளையைத் தராசில் நிறுத்து, வயிற்றை அமத்தி, காதுக்குள் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நிறை ஏறுகிறது, காய்ச்சல் இல்லை, இது கொலிக், சில பிள்ளைகள் இப்படித்தான், மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும், தாயின் சாப்பாட்டைப் போட்டுக் குறைக்க வேண்டாம் என்றார். தாங்க முடியாமல் வந்தால் பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே போய் மூச்சு விட்டு வாருங்கள் என்றும் சொன்னார். தனுஷிகாவுக்கு அந்த மனிசியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. காரில் திரும்பி வரும்போது, நல்ல டொக்ரர்தான், ஆனால் எங்கட சாப்பாட்டைப் பற்றி அவவுக்கு என்ன தெரியும் என்றான் மிதுனன். அவர் சொன்னதெல்லாம் மோர்னிங்சைட் சிக்னலோடு காரில் இருந்து இறங்கிப் போய்விட்டது. அன்றைக்கு இரவும் ரசம்தான்.

கேட்டுக் கேட்டுத் தனுஷிகாவும் நம்பத் தொடங்கினாள். என்ர பால்தான் பிள்ளையை வருத்துகிறது. மடியில் போட்டுப் பால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும், ஏதோ செய்யக் கூடாததைச் செய்கிறவள் மாதிரிப் பயந்து பயந்து கொடுத்தாள். நான் ஊட்டுவதே இவனைத் துடிக்க வைக்கிறது என்றால் இவனுக்கு நான் எதற்கு என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கறியைக் காரணம் காட்டுவார்கள்.

ஒரு சனிக்கிழமை விடிந்ததும், பிள்ளைக்குக் கொடுக்கப் பால்மா ரின் ஒன்று வாங்கி வாருங்கள் என்று மிதுனனிடம் சொன்னாள். இனித் தான் பால் கொடுக்கப் போவதில்லை என்றாள். உம்முடைய பாலுக்கு என்ன குறை என்று அவன் ஒரு வார்த்தை கேட்பான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள். அவன் கார்ச் சாவியைத் தேடினான்.

"ஓம், அதையும் ஒருக்காப் பாப்பம்," என்றான். அவன் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

பிள்ளை போத்தலை மறுக்கவில்லை. முதல் வாயிலேயே பிடித்துக்கொண்டான், நன்றி கெட்டவன். குடித்தான், ஏவறை விட்டான், தூங்கினான். மத்தியானத்துக்குள் தனுஷிகாவுக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. நோவு தாங்காமல் குசினிச் சிங்கில் நின்று பாலைப் பீய்ச்சி ஊற்றினாள். இதில் அப்படி என்ன கெடுதல் இருக்கிறது என்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பைப்பைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அழுதாள்.

பின்னேரம் பிள்ளை கண் முழித்து, இன்னொரு போத்தலையும் குடித்துவிட்டு, பேசாமல் யன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மிதுனன் விசிலடித்தபடி உடுப்பு மடித்தான். அந்த விசில் தனுஷிகாவுக்குத் தீர்ப்பு மாதிரிக் கேட்டது. சரி, நான்தான். இத்தனை நாளும் நான்தான்.

ஆறு மணிக்கு, அச்சுப் பிசகாமல், பிள்ளை முழங்காலை மடக்கினான்.

முதல் கத்தலோடு விசில் நின்றது. மிதுனன் ஓடிப் போய்த் தூக்கினான். தனுஷிகா குசினி வாசலில் நின்று கேட்டாள். அதே அழுகை. நேற்று எப்படியோ, முந்தநாள் எப்படியோ, அப்படியே. விடிந்ததில் இருந்து அவளுடைய பால் ஒரு சொட்டுக்கூட இவன் வயிற்றுக்குள் போகவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் வந்தது. பெற்ற பிள்ளை துடித்து அழும்போது சந்தோஷப்படுகிற தாயை என்னவென்று சொல்வது என்று கேட்கிறவர்களை, ஒரு மாதம் அவித்த கரட் சாப்பிட வைத்துவிட்டுத்தான் பேச விட வேண்டும். நான் இல்லை, நான் இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த அழுகைக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. ரதி மச்சாள். சனிக்கிழமைகளில் சமைத்துக் கொண்டுவந்து தருவது அவளுடைய வழக்கம். இரண்டு பெட்டி வரும், தம்பிக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று. எது யாருடையது என்று மணத்திலேயே தெரியும். இன்றைக்குத் தம்பிக்கு முருங்கை இலை போட்ட நண்டுக் கறி. மற்றப் பெட்டியில் உறைப்பில்லாத ஏதோ ஒன்று. ரதி மச்சாள் மனதில் கள்ளம் இல்லாதவள், ஸ்ரௌவ்வில்லில் இருந்து சும்மா ஒருத்தி இவ்வளவு தூரம் கார் ஓடி வரமாட்டாள். ஆனால் சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டாள். அதுவும் தனுஷிகாவிடம் இல்லை, மிதுனனிடம்.

"என்ன தம்பி, உவள் இண்டைக்கு என்ன சாப்பிட்டவள்?"

தனுஷிகா முன்னுக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இண்டைக்குப் பிள்ளை என்ர பால் குடிக்கேல்லை மச்சாள். விடிஞ்சதில இருந்து ரின் பால்தான் குடிச்சவர். ரின் அந்தா மேசையில இருக்கு. அது என்ன சாப்பிட்டது எண்டு கேளுங்கோ."

ரதி மச்சாள் ரின்னைப் பார்த்தாள். உண்மையாகவே திரும்பிப் பார்த்தாள். பிள்ளை தன் பாட்டில் கத்திக்கொண்டிருந்தான். மிதுனன் அவனைத் தோள் மாற்றிப் போட்டான்.

"அக்கா, இனி அவவை உந்தக் கேள்வி கேக்காதேங்கோ," என்றான். பிறகு, "நானும் கேக்க மாட்டன்," என்றான். அதை அவன் அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை.

தனுஷிகா அவன் முகத்தைப் பார்க்காமல் மேசைக்குப் போனாள். பார்த்தால் அழுகை வரும். அழுதுகொண்டு சாப்பிட அவளுக்கு விருப்பம் இல்லை. தம்பியின் பெட்டியைத் திறந்தாள்.

நண்டு அவசரத்தில் தின்கிற சாமான் இல்லை. இரண்டு கையும் வேண்டும், நேரமும் வேண்டும். அவள் காலை உடைத்து உறிஞ்சினாள், ஓட்டுக்குள் இருந்த சதையை விரலால் தோண்டினாள், குழம்பை விட்டுச் சோற்றைக் குழைத்தாள். உறைப்பில் மூக்கு ஓடியது. பிள்ளை அழுதான். மிதுனன் அவனோடு நடந்தான், பிறகு ரதி மச்சாள் வாங்கிக்கொண்டு நடந்தாள். முதுகைத் தடவிப் பார்த்தாள், கவிழ்த்துக் கையில் ஏந்திப் பார்த்தாள், கடைசியில் களைத்துப் போய், "உங்களுக்கு என்னதான் ராசா வேணும்?" என்று பிள்ளையையே கேட்டாள். அந்த வீட்டில் அவனிடம் ஒருவர் விசாரணை வைத்தது அதுதான் முதல் தடவை.

எழும்பு, எழும்பு என்று தனுஷிகாவின் உடம்பு சொன்னது. அவள் எழும்பவில்லை. இரண்டு பேர் இருக்கிறார்கள், விழ விடமாட்டார்கள், அழட்டும் என்று இருந்தாள். மிதுனன் வந்து அவளுடைய தட்டைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?"

"போடுங்கோ."

அதையும் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மச்சாளிடம் இருந்து பிள்ளையை வாங்கினாள். ரதி மச்சாள் தம்பியைப் பார்த்துவிட்டு, சோபாவில் தலையணையை எடுத்து வைத்தாள். தனுஷிகா சாய்ந்து இருந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்தாள். நாலு மிடறு ஆசையாகக் குடித்தான். பிறகு தலையைத் திருப்பி, விட்ட இடத்தில் இருந்து மறுபடி கத்தத் தொடங்கினான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அழுங்கோ ராசா," என்றாள் தனுஷிகா. "அம்மாவில பிழை இல்லை. உங்களிலயும் இல்லை."