கோடு விழுந்த தகடு

எல்லோரும் சௌக்கியமா? மூட்டுவலி, இருமல், தூக்கம் வராத தொல்லை எதுவும் பெரிதாக இல்லையே? இங்கே டான்யூப் கரையில் குளிர் இந்த வருஷம் கொஞ்சம் முந்திக்கொண்டது. லிண்டன் பூ டீயைப் போட்டுக் குடித்துச் சமாளிக்கிறோம். சொல்ல வந்தது என்னவென்றால், எங்கள் ஊரில் அச்சோவியம் போடும் நெவேனா தன் கணவர் ஸ்பாஸ் இறந்த பிறகு அவர் உருவத்தை ஒரு துத்தநாகத் தகட்டில் செதுக்கினாள். அந்தத் தகட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு அச்சிலும் அவர் வேறு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

தகட்டில் இருந்தது ஒரே படம்தான். சமையலறை, மேசை, ஜன்னல், மேசைமுன் கைகட்டி உட்கார்ந்திருக்கும் ஸ்பாஸ். விரலால் தடவிப் பார்த்தாலும் அதுதான் தட்டுப்படும். ஆனால் மை தடவித் துடைத்து, ஈரத்தாளை மேலே விரித்து, கம்பளியைப் போர்த்தி, அச்சு எந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி எடுத்தால் முதல் தாளில் உட்கார்ந்திருந்தவர் இரண்டாவது தாளில் ஜன்னலோரம் போய் நின்றார். மூன்றாவதில் சுட்ட குடைமிளகாய்க்குத் தோல் உரித்தார். ஒருமுறை தாளில் ஏறிவிட்டால் பிறகு அதில் அசைய மாட்டார், அடுத்த தாளில்தான் அடுத்த காரியம். அச்சில் எல்லாம் இடம் வலம் மாறி விழும் என்பதால் ஸ்பாஸுக்கு அங்கே இடது கைப் பழக்கம் வந்துவிட்டது. ரொட்டியைக் கோணலாக வெட்டினார். நெவேனாவுக்கு அது ஒன்றுதான் கடைசிவரை பழகவில்லை.

அவர் படகு மெக்கானிக். சரக்குப் படகுகளில் ஆற்றோடு மேலே போய் மாதக்கணக்கில் கழித்துத் திரும்புவார். திரும்பியதும் வீட்டில் கட்டில் கால், கதவுக் கைப்பிடி, நெவேனா படம் வரையும் சட்டம் என்று எந்த இரண்டு முனை கிடைத்தாலும் நடுவே கயிறு கட்டித் துணி காயப்போட்டுவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து நெவேனா குனிந்து குனிந்துதான் சமையலறைக்குள் நடந்தாள். ஆக, அவர் இல்லாமல் இருப்பது அவளுக்குப் புதிதல்ல. திரும்பி வரமாட்டார் என்பதுதான் புதிது. இப்போது வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் இருந்தார். தினமும் எடுக்கலாம்தான். ஆனால் துத்தநாகம் மெத்தென்ற உலோகம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோடுகள் கொஞ்சம் தேயும், உருவம் கொஞ்சம் வெளுக்கும். அதனால் அவள் திங்களிலிருந்து சனி வரை யாரோடும் அதிகம் பேசாமல், வானொலியைக்கூடப் போடாமல், ஒரு தாளுக்காகக் காத்திருந்தாள். மற்ற நாட்களில் அவள் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் ஆளில்லை.

கீழ்வீட்டு லில்யானாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். முதல் வருஷம் முடிந்தபோது மாடிப்படியில் மடக்கினாள். எங்கள் பக்கம் செத்தவர் போட்டோ போட்டு நினைவுத்தாள் அச்சடித்து வாசல் கதவில் ஒட்டுவோம், வருஷா வருஷம். நெவேனாவின் கதவு வெறுமையாக இருந்தது.

"ஏன்டி, வருஷம் திரும்பிடுச்சே, தாள் ஒட்டலியா? நீ அவர மறந்துட்டேன்னு ஊரே பேசுது."

"எப்படி ஒட்டச் சொல்ற? போன ஞாயித்துக்கிழமை ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தாரு."

லில்யானா பையைக் கைமாற்றிக்கொண்டாள். "ஒழுங்காப் பண்ணாரா?"

"எங்க? தாடைக்குக் கீழ எப்பவும்போல விட்டுட்டாரு."

அதற்குப் பிறகு லில்யானா தாளைப் பற்றிக் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை, என்ன செய்றாரு உங்க ஆளு, என்று மட்டும் கேட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போவாள்.

ஒரு வசந்தகால ஞாயிறு, ஸ்பாஸ் கல்யாணத்துக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைவாரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே, கையில் தொப்பியோடு. அதற்கடுத்த ஞாயிறு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெளியே போக வேண்டும் என்று நெவேனா புரிந்துகொண்டாள். அவரை எங்கே கூட்டிப்போவது? ஊரில் தாளோடு போக ஒரே இடம்தான் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை படகுத்துறையின் பழைய தானியக் கிடங்கில் அச்சோவியக் கண்காட்சி நடக்கும். பல நாடுகளிலிருந்து நடுவர்கள் வந்து, வந்து குவிந்த படங்களில் பொறுக்கி எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். அதை நடத்தும் கமெனிடம் போய்த் தகட்டோடு அந்த மூன்று ஞாயிறுகளின் பிரதிகளையும் கொடுத்தாள்.

கமென் தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தான். "நெவேனாக்கா, ஒரு படத்துக்கு மூணு பிரதி கேட்டா நீங்க மூணு படம் குடுத்திருக்கீங்களே. எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும்க்கா, அதான் விதி."

"ஒரே படம்தான் கமென். அவருதான் சும்மா இருக்க மாட்டேங்கிறாரு."

கமென் ஸ்பாஸைத் தெரிந்தவன். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் நடுவர் குழுத் தலைவராக வந்தவர் கெண்ட் நகரத்து யோரிஸ். ஒல்லியானவர், யார் பேசினாலும் முன்னால் குனிந்து கேட்பார். அவர் வந்ததும் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஊரில் ஆமாம் என்றால் தலையை இடமும் வலமும் ஆட்டுவோம், இல்லை என்றால் மேலும் கீழும் அசைப்போம். மற்ற தேசத்தாருக்கு இது நேர்மாறு. முதல் நாள் காலை யோரிஸுக்கு வேண்டாத காபி வந்துகொண்டே இருந்தது, கேட்ட காபி வரவில்லை. கமென் பொறுப்பான ஆள். விருந்தாளிகளை உட்காரவைத்து, இந்த ஊரில் தலையாட்டல் தலைகீழ், பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று பாடம் எடுத்தான். பிறகு ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு, வந்தவர்கள் குழம்புகிறார்கள், அவர்களோடு பேசும்போது அவர்கள் பாணியில் ஆட்டுங்கள் என்று சொன்னான். இரண்டு பாடமும் சேர்ந்து ஒன்றையொன்று கெடுத்துவிட்டது யாருக்கும் உறைக்கவில்லை. காபி மட்டும் தொடர்ந்து தப்பாகவே வந்தது.

நடுவர்களில் இரண்டு பேர் நெவேனாவின் படங்களைத் தள்ளிவிடச் சொன்னார்கள். யோரிஸ் அவற்றின் முன்னால் வெகுநேரம் நின்றார். இந்த மனிதர் எங்கோ கிளம்பக் காத்திருக்கிறார், என்றார். படங்கள் மாட்டப்பட்டன. மக்கள் வந்து பார்த்தார்கள். படகுத்துறை ஆட்கள் கும்பலாக வந்து, அட, ஸ்பாஸ், என்று சொல்லித் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு மூலையில் நின்று நெவேனா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் பார்த்ததை இன்னொருவரும் பார்க்கிறார் என்பது அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சாப்பிட்ட சுடுசோறு மாதிரி இருந்தது. கடைசி நாள் முதல் பரிசு அவளுக்கு என்று அறிவித்தார்கள்.

இந்தக் கண்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. பரிசு பெற்ற தகட்டில், எல்லோரும் பார்க்க, குழுத் தலைவர் எஃகு ஊசியால் மூலைக்கு மூலை இரண்டு கோடு கிழிப்பார். இனி இதிலிருந்து யாரும் இன்னொரு பிரதி எடுக்கக் கூடாது என்று அர்த்தம். நெவேனாவுக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் உள்ளூர்க்காரர் யாரும் அதுவரை முதல் பரிசு வாங்கியதில்லை, அதனால் அது மற்றவர் வீட்டு விஷயமாகவே இருந்துவிட்டது. மேடையில் யோரிஸ் தகட்டைத் துணிமேல் வைத்து ஊசியை எடுத்தபோதுதான் அது தன் தகடு என்று அவளுக்குப் புரிந்தது. கமென் மேயருக்கு நாற்காலி தேடப் போயிருந்தான். பித்தளை வாத்தியக்காரர்கள் ஊதத் தொடங்கிவிட்டார்கள். யோரிஸ் நல்ல மனிதர், கோடு போடுமுன் அவள் முகத்தைப் பார்த்து, போடலாமா என்பதுபோல ஊசியைக் காட்டினார்.

வேண்டாம் என்று நெவேனா சொன்னது வாத்திய இரைச்சலில் அமுங்கிப்போனது. ஆனாலும் கமென் சொன்னது ஞாபகம் இருந்தது. வெளிநாட்டுக்காரருக்குப் புரியட்டும் என்று, அவர்கள் பாணியில், தலையை இடமும் வலமும் ஆட்டினாள். யோரிஸுக்கும் கமென் சொன்னது ஞாபகம் இருந்தது, இந்த ஊரில் அது ஆமாம். சிரித்துக்கொண்டே முதல் கோட்டை இழுத்தார். அவள் பதறி இன்னும் வேகமாக ஆட்டினாள். இவ்வளவு ஆசையாகச் சொல்கிறாளே என்று இரண்டாவது கோட்டை இன்னும் அழுத்தி இழுத்தார். கூட்டம் கைதட்டியது. பூங்கொத்து கொடுத்தார்கள். நெரிசலில் அதில் ஒரு பூ ஒடிந்து விழுந்து, மிச்சம் இரட்டைப்படையில் நின்றது. எங்கள் பக்கம் இரட்டைப்படைப் பூ செத்தவர்களுக்குத்தான். முன்வரிசைப் பெண்கள் எண்ணிப் பார்த்துக் கைதட்டுவதை நிறுத்தினார்கள்.

நெவேனா தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அச்சுச் சக்கரத்தின் அடியில் செருகி வைத்தாள். கோடை முழுக்க அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் மற்ற நாள் மாதிரியே ஆகிவிட்டன. வானொலியைப் போட்டாள், நிறுத்தினாள். இரண்டு தட்டு எடுத்துவைத்து ஒன்றைத் திருப்பி உள்ளே வைத்தாள். கோடை முடிந்து ஊரெல்லாம் குடைமிளகாய் சுடும் புகை எழுந்தபோது லில்யானா ஒரு கிண்ணத்தோடு மேலே வந்தாள்.

"ஒண்ணு எடுத்துத்தான் பாரேன்டி."

"மூஞ்சிக்குக் குறுக்கால கோடு இருக்கும் லில்யானா."

"இருந்தா என்ன? உயிரோட இருந்தப்போ எண்ணெய்க் கறை இல்லாம அந்த மூஞ்சிய யாரு பாத்தா?"

நெவேனா சிரிக்கவில்லை. இனி கதவில் நினைவுத்தாள் ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்து, அந்த வாரமே அதை அச்சடிக்கும் கடைக்குப் போனாள். கடைப் பெண் போட்டோ கேட்டாள். ஸ்பாஸ் எந்தப் போட்டோவிலும் ஒழுங்காக நின்றவரில்லை, எல்லாவற்றிலும் பாதி நகர்ந்த தோள், மங்கிய காது. சரி, கோடு விழுந்த முகமே போதும், செத்தவர்தானே என்று வீட்டுக்கு வந்து தாளை நனைத்தாள். ஞாயிறுகூட இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மை தடவினாள், துடைத்தாள், சக்கரத்தைச் சுற்றினாள். தாளின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினாள்.

கோடு இரண்டும் இருந்தன. சமையலறையின் மூலைக்கு மூலை, விறைப்பாக. அவற்றின் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. சட்டை இரண்டு, காலுறைகள், மேசைத் துணி, கல்யாணக் கோட்டு தலைகீழாக. கோடு கொடியாகியிருந்தது. ஸ்பாஸ் உள்பனியனோடு, வாயில் ஒரு துணிக் கவ்வியைக் கடித்துக்கொண்டு, இடது கையால் கடைசித் துணியை மாட்டிக்கொண்டிருந்தார். அது பெண்கள் சமைக்கும்போது கட்டும் ஏப்ரன், ஓரத்தில் பட்டையும் பையில் ஒட்டுப்போட்ட கிழிசலும் உள்ளது. நெவேனா திரும்பிப் பார்த்தாள். அவளுடைய நீல ஏப்ரன் மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது.

அவள் நினைவுத்தாள் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. லில்யானா படத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஆளு திருந்தவே மாட்டாரு, இனி நீ குனிஞ்சுதான் நடக்கணும், என்றாள். சந்தையில் நெவேனா வேறு ஏப்ரன் வாங்கினாள், அதே ஆணியில் மாட்டினாள். வர வர ஸ்பாஸ் வெளுத்துக்கொண்டு வருகிறார், துத்தநாகம் அப்படித்தான். இப்போதெல்லாம் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தகட்டிலேயே ஆழமானவை யோரிஸ் போட்ட அந்த இரண்டு கோடுகள், அவை தேய இன்னும் நாளாகும். அவற்றில் எப்போதும் ஏதாவது அவளுடைய துணி தொங்கும், ஒரு கைக்குட்டையாவது. ஞாயிறு தவறாமல் ஆணியில் ஒன்றை மாட்டிவிட்டுத்தான் அவள் சக்கரத்தில் கை வைக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது துணி ஆணியிலிருந்து காணாமல் போயிருக்கும், காற்று அடித்துக்கொண்டு போயிற்று என்று விட்டிருப்பீர்கள். என்ன நிறம், யார் வீட்டில் இல்லாத சமயம் என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். நெவேனா படங்களையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறாள், கொடியில் தொங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்கிறாள்.